‘அது வடக்குப் பிரச்சினை’ என்று சொல்லும் தோழர்களுக்கு

போன மாவட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஐந்து தீர்மானங்கள் வந்தன. சம்பளம், லயத்துக் கூரை, தோட்ட வைத்திய வசதி, சேமலாப நிதி நிலுவை என்று நான்கும் கைதட்டலோடு நிறைவேறின. ஐந்தாவதை நான் கொண்டுவந்தேன். பயங்கரவாதத் தடைச்சட்டத்தை ஒழிக்க வேண்டும், அந்தச் சட்டத்தின் கீழ் வருடக்கணக்கில் கிடக்கும் அரசியல் கைதிகளை விடுவிக்க வேண்டும், பிணைக்கு ஆளில்லாமல் விளக்கமறியலில் கிடக்கும் ஏழைகளுக்குச் சங்கம் உதவ வேண்டும் என்பதுதான் அது. வாசித்து முடித்ததும் மண்டபம் அமைதியானது. மூத்த தோட்டத் தலைவர் ஒருவர் எழுந்தார்.

“டீச்சர், நீங்க சொல்றது நியாயந்தான். ஆனா இது வடக்குப் பிரச்சினை. நமக்குக் கொழுந்துப் பிரச்சினையே தலைக்கு மேல கெடக்கு. இதையும் தூக்கிச் சுமந்தா, நாளைக்கு நம்மளையும் புலின்னு சொல்லுவான்.”

தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. அந்தத் தலைவர் பயந்த மனிதர் கிடையாது. வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்று பேர் வெட்டுப்பட்டவர். அவர் சொன்னதையே நம்மில் பலரும் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதனால் அவருக்கும், கைதூக்காமல் உட்கார்ந்திருந்த மற்றவர்களுக்கும் இந்தப் பக்கங்களில் பதில் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்துக்குப் போன கதை

என்னிடம் படித்த பையன் ஒருவன் சாதாரண தரத்தோடு நிறுத்திவிட்டு யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனான். கல்லாவில் பணம் குறைந்தது என்று முறைப்பாடு. பொலிஸ் பிடித்தது, நீதவான் முன் நிறுத்தியது, விளக்கமறியல். தோட்டத்துக்குச் செய்தி வந்துசேர ஐந்து நாளானது. அவனுடைய அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “டீச்சர், எனக்கு அந்தப் பக்கம் போகத் தெரியாது. நீங்க கூட வருவீங்களா?”

கண்டிக்கு வந்து, அங்கிருந்து யாழ்ப்பாணம் பஸ். இரவு முழுக்கப் பயணம். அந்த அம்மாவுக்கு இரண்டு நாள் பேர் போனது. பஸ் காசுக்குக் கடன் வாங்கியிருந்தார். பண்ணைக் கடலோரத்துச் சிறைச்சாலைக்கு விடியற்காலையிலேயே போய்விட்டோம். வாசலில் நின்ற உத்தியோகத்தர் பாவம், தண்ணீர் போத்தல் தந்து நிழலில் உட்காரச் சொன்னார். பக்கத்தில் இன்னொரு அம்மா இருந்தார். வெள்ளைச் சேலை, மடியில் ஒரு பை.

“எங்கையிருந்து வாறியள்?”

“மஸ்கெலியா பக்கமுங்க.”

“அவ்வளவு தூரத்திலையிருந்தோ! ஆருக்கு?”

“மகனுக்குங்க. களவுன்னு சொல்றாங்க. அவன் எடுத்திருக்க மாட்டான்.”

“எனக்கும் மகன்தான். பதினாலு வரியமாப் போச்சு. முந்திக் கொழும்பு மகசினிலை இருந்தவன், பிறகு அநுராதபுரம். இப்பதான் இஞ்சை கொண்டந்தவை. இப்ப எனக்குக் கிட்ட, பிள்ளை. வீட்டிலையிருந்து பஸ்ஸிலை அரை மணித்தியாலம்.”

பதினான்கு வருடமாகச் சிறையில் இருக்கும் மகன் பக்கத்து ஊர்ச் சிறைக்கு வந்துவிட்டான் என்பதையே அந்த அம்மா நல்ல காலம் என்று சொன்னார். நம் அம்மாவுக்கு அது முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையைப் பிடித்துக்கொண்டார். ஒருவருடைய மகன் பத்து நாளாக உள்ளே, மற்றவருடைய மகன் பதினான்கு வருடமாக உள்ளே. ஒருவன்மேல் களவுக் குற்றச்சாட்டு, மற்றவன்மேல் பயங்கரவாதக் குற்றச்சாட்டு. ஆனால் அந்த வாசலில் இருவருக்கும் ஒரே வரிசை.

எங்கள் பையனுக்கு நீதிமன்றம் பிணை மறுக்கவில்லை. இரண்டு சரீரப் பிணையாளர்கள் வேண்டும், நிரந்தர வதிவிடத்தை உறுதிப்படுத்தும் கிராம உத்தியோகத்தரின் கடிதம் வேண்டும் என்றது. நம்மவர்களிடம் என்ன வதிவிடம் இருக்கிறது? லயத்துக் காம்பராவுக்கு உறுதி இல்லை. பல தோட்டங்களில் தனி விலாசமே இல்லை, கடிதமெல்லாம் தோட்ட ஒப்பீசுக்குத்தான் வரும். யாழ்ப்பாணத்தில் நமக்காகக் கையெழுத்து வைக்க யார் இருக்கிறார்கள்? கடைசியில் அந்த வெள்ளைச் சேலை அம்மாவின் உறவினர்கள் இரண்டு பேர் முன்வந்து பிணை நின்றார்கள். முன்பின் தெரியாத ஒரு தோட்டத்துப் பிள்ளைக்காக. வழக்கு இன்னும் முடியவில்லை. பையன் வீட்டில் இருக்கிறான். அந்த அம்மாவின் மகன் இன்னும் உள்ளேதான்.

அது வடக்குப் பிரச்சினை என்று நாம் தீர்மானத்தை ஒத்திவைத்தோம். இது மலையகத்துப் பிரச்சினை என்று அந்த அம்மா திரும்பிக்கொள்ளவில்லை.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது?

பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் 1979ல் வந்தது. இலக்கம் 48. பெயரிலேயே ‘தற்காலிக’ என்று இருக்கிறது. 1982ல் நிரந்தரமாக்கினார்கள். சட்டம் வந்தபோது பிறந்த குழந்தைக்கு இன்று நாற்பத்தைந்து வயது தாண்டிவிட்டது.

சாதாரண சட்டத்தில் ஒருவரைப் பிடித்தால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். இந்தச் சட்டத்தில் 72 மணித்தியாலம். அதற்குப் பிறகும் நீதிமன்றம் இல்லாமல், அமைச்சரின் தடுப்புக் கட்டளையில் மூன்று மூன்று மாதமாக நீட்டலாம். முன்பு 18 மாதம்வரை நீட்டலாம். 2022ல் திருத்தம் செய்து 12 மாதமாகக் குறைத்தார்கள். குறைத்ததை உலகத்துக்கே சாதனையாகக் காட்டினார்கள். ஒரு வருடம் குற்றச்சாட்டே இல்லாமல் மனிதனை அடைத்துவைக்கலாம் என்பதுதான் அந்தச் சாதனை.

அதையும்விடக் கொடியது ஒப்புதல் வாக்குமூலம். நம் நாட்டுச் சான்றுக் கட்டளைச் சட்டப்படி, பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றவாளிக்கு எதிராகச் சாட்சியாகக் கொள்ள முடியாது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் அது. பொலிஸ் அடித்து எழுதி வாங்கும் என்று வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருக்கிறது. பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் 16ஆம் பிரிவு அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ள ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் செல்லும். “அடித்து வாங்கினார்கள்” என்றால், அதை நிரூபிக்க வேண்டியது அடிபட்டவனே. பூட்டிய அறைக்குள் அவனும் அடித்தவனும் மட்டும் இருந்த இடத்தில் நடந்ததை அவன் எந்தச் சாட்சியைக் கொண்டு நிரூபிப்பான்? 2022 திருத்தம் இந்தப் பிரிவை ஒழிக்கவில்லை.

நல்லரத்தினம் சிங்கராசா வழக்கைப் பாருங்கள். மட்டக்களப்புப் பக்கத்துக் கூலித் தொழிலாளி. 1993ல் பிடித்தார்கள். அவருக்குச் சிங்களம் தெரியாது. ஒப்புதல் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. மொழிபெயர்த்தவரும் பொலிஸ்காரர். சிங்கராசா பெருவிரல் அடையாளம் வைத்தார். அந்தக் கடதாசிதான் வழக்கே. 1995ல் மேல் நீதிமன்றம் 50 வருடச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 வருடமானது. 2004ல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு அவருடைய உரிமை மீறப்பட்டது என்று சொன்னது. அதை வைத்து அவர் இலங்கை உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, அந்தக் குழுவிடம் முறையிட வழிவிட்ட ஒப்பந்தத்தில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று 2006ல் தீர்ப்பு வந்தது.

வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய கடதாசியில் பெருவிரல் வைப்பது என்றால் என்னவென்று தோட்டத் தொழிலாளிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நம் பாட்டன் பூட்டன் கங்காணியின் கடன் கணக்கில் வைத்த பெருவிரலும் அப்படித்தான்.

‘அவர்கள் சும்மா உள்ளே போகவில்லையே?’

கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒரு தோழர் காதோடு கேட்டார்: “எல்லாரும் அப்பாவியா டீச்சர்? குண்டு வெச்சவனும் இருப்பான்ல?”

இருக்கலாம். நான் எல்லோரும் அப்பாவிகள் என்று சொல்லவில்லை. யார் அப்பாவி, யார் குற்றவாளி என்று நேர்மையான வழக்கில் கண்டுபிடிக்க வேண்டும் என்கிறேன். பத்து வருடம் வழக்கே முடியாமல் அடைத்துவைத்துவிட்டு, அடித்து எழுதி வாங்கிய கடதாசியைக் காட்டினால் அது வழக்காகாது. குற்றவாளி என்று தீர்ப்பான பிறகும் அவன் மனிதன்தான். நீதிமன்றம் அவனுடைய சுதந்திரத்தைத்தான் எடுக்கிறது. அடிக்கவும், பட்டினி போடவும், முழங்காலில் நிறுத்தவும் எந்தத் தீர்ப்பும் அனுமதி கொடுப்பதில்லை. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையை யாருக்கும் விலக்கில்லாமல் தடுக்கிறது. 1994ல் வந்த தனிச் சட்டத்தின்படி சித்திரவதை செய்தவனுக்குக் குறைந்தது ஏழு வருடச் சிறை.

எழுத்தில் இப்படி. நடப்பில் எப்படி? 1983 ஜூலை 25லும் 27லும் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். பூட்டுக்குள் இருந்தவர்கள். சாவி அரசாங்கத்தின் கையில். ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. 2012 ஜூனில் வவுனியாச் சிறையில் கைதிகள் தாக்கப்பட்ட பிறகு, கணேசன் நிமலரூபன் என்ற இளைஞர் ஜூலையில் ராகமை ஆஸ்பத்திரியில் இறந்தார். 2021 செப்டெம்பர் 12ல் அநுராதபுரச் சிறைக்குள் அப்போதைய சிறைச்சாலைகள் இராஜாங்க அமைச்சர் லொஹான் ரத்வத்த புகுந்து, தமிழ்க் கைதிகளை மண்டியிட வைத்துத் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார் என்று கைதிகள் முறையிட்டார்கள். அவர் சிறைச்சாலைப் பொறுப்பிலிருந்து விலகினார். மற்ற இராஜாங்க அமைச்சுப் பதவியை வைத்துக்கொண்டார். நம் தோட்டத்தில் உத்தியோகத்தர் ஒருவர் தொழிலாளியை மண்டியிட வைத்தால் அன்றைக்கே கொழுந்துக் கூடையைக் கீழே வைத்துவிட்டு இறங்குவோம் அல்லவா?

நம் மலையிலும் நடந்தது

வடக்குப் பிரச்சினை என்கிறோம். பிந்துனுவெவ எங்கே இருக்கிறது? பண்டாரவளைக்குப் பக்கத்தில். 2000 ஒக்டோபர் 25 காலையில், அங்கிருந்த புனர்வாழ்வு முகாமை ஒரு கும்பல் சூழ்ந்தது. கத்தி, பொல்லு, நெருப்பு. முகாமில் இருந்த தமிழ் இளைஞர்களில் இருபத்தைந்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஆயுதம் தாங்கிய பொலிஸ்காரர்கள் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். ஐந்து பேருக்குத் தண்டனை கிடைத்தது. 2005ல் உயர் நீதிமன்றம் அவர்களையும் விடுதலை செய்தது. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் இது வடக்குப் பிரச்சினை என்று சொல்ல முடியுமா?

வெலிக்கடையில் ஜூலை 27ல் கொல்லப்பட்டவர்களில் ஒருவர் வைத்தியர் ராஜசுந்தரம். காந்தீயம் இயக்கத்தை எஸ்.ஏ. டேவிட்டோடு சேர்ந்து நடத்தியவர். 1977 கலவரத்தில் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்ட நம் குடும்பங்களுக்கு வவுனியாப் பக்கம் காணியும் கிணறும் பாலர் பாடசாலையும் ஏற்படுத்திக் கொடுத்த இயக்கம் அது. 1983 ஏப்ரலில் இருவரையும் பிடித்தார்கள். ஜூலையில் ராஜசுந்தரம் சிறைக்குள்ளேயே பிணமானார். நம் ஆட்களுக்கு உதவிய மனிதர் நாம் வாய் திறக்கப் பயப்படும் இதே சட்டத்தில்தான் உள்ளே போனார்.

அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. 1984ல் கென்ட், டொலர் பண்ணைகளில் இருந்த நம் குடும்பங்களை வெளியேற்றினார்கள். அதே இடத்தில் சிங்களச் சிறைக்கைதிகளைக் குடும்பத்தோடு கொண்டுவந்து இருத்தியது அரசாங்கம். 1984 நவம்பர் 30ல் விடுதலைப் புலிகள் அந்தப் பண்ணைகளைத் தாக்கி, பெண்களும் குழந்தைகளும் உட்பட அறுபது பேரளவில் கொன்றார்கள். ஏழைக் கைதிகளை அரசாங்கம் வேலியாக நட்டது, புலிகள் வெட்டிச் சாய்த்தார்கள். அந்தச் சிங்களக் கைதிகளுக்காகவும் நான் அழுவேன்.

சிறை என்றால் அரசாங்கத்தின் சிறை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 1991ல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவி, கவிஞர் செல்வியைப் புலிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. அவருடைய வீட்டாருக்குப் போய்ப் பார்க்க ஒரு சிறைவாசல்கூடக் கிடைக்கவில்லை. கைதியின் உரிமை என்று பேசுகிறவன் சாவி யார் கையில் இருந்தது என்று பார்த்துப் பேசக்கூடாது.

வடக்கிலிருந்து கிளம்பிய சட்டம் எங்கெல்லாம் போனது?

இந்தச் சட்டம் ஓமந்தையில் நின்றுவிடும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். மலையக மக்கள் முன்னணித் தலைவர் பெ. சந்திரசேகரன் 1990களின் தொடக்கத்தில் இதன் கீழ் சிறை வைக்கப்பட்டார். 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு முஸ்லிம்கள்மேல் திரும்பியது. தமிழில் கவிதைப் புத்தகம் எழுதியதற்காக அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியரை 2020 மே மாதம் பிடித்து, ஒன்றரை வருடத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். 2023ல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. போன நாட்களை யார் திருப்பிக் கொடுத்தார்கள்? 2022ல் போராட்டம் ஓய்ந்ததும் இதே சட்டத்தில் சிங்கள மாணவர் தலைவர் வசந்த முதலிகேயை மாதக்கணக்கில் அடைத்தார்கள். தமிழன், முஸ்லிம், சிங்களவன் என்று எல்லா வாசலையும் அது தட்டிவிட்டது.

நாளைக்கு நம்மையும் புலி என்பான் என்று தலைவர் பயப்பட்டார். வாயை மூடினால் சொல்ல மாட்டானா? 2021 பெப்ரவரியில் மஸ்கெலியா ஓல்டன் தோட்டத்தில் தோட்ட முகாமையாளரோடு ஏற்பட்ட தகராறைக் காட்டி இருபதுக்கு மேற்பட்டோரைக் கைது செய்தார்கள். 38 பேரின் வேலையைப் பறித்தார்கள். அவர்கள் எந்த அரசியல் கைதியைப் பற்றியும் பேசவில்லை. ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் கேட்ட காலம் அது. பேசாமல் இருந்தால் பிடிக்க மாட்டார்கள் என்பதற்கு எந்தத் தோட்டத்திலும் உத்தரவாதம் இல்லை.

நாமே ஒருகாலம் கைதிகள்

சங்கத்தின் வேலை சம்பளம், சிறைக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு பழைய கதை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, தோட்டத் தொழிலாளி முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போனால் அது குற்றம். சம்பளத்தைப் பிடிப்பதோடு விடமாட்டார்கள், மறியலுக்கும் அனுப்பலாம். வேலைக்கு வரமாட்டேன் என்றாலும் அப்படித்தான். துரை சம்பளம் கொடுக்காவிட்டால் அவரை யாரும் சிறைக்கு இழுக்கவில்லை. கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு இல்லாமல் அடுத்த தோட்டம் எடுக்காது. ஓடிப்போனவனைப் பிடித்து வர வாரண்ட். 1920களின் தொடக்கத்தில்தான் துண்டு முறையும் தொழில் குற்றத்துக்குச் சிறை என்பதும் ஒழிந்தன. தொழிற்சங்கம் என்ற சொல் நம் லயங்களுக்குள் வருவதற்கு முன்பே சிறை என்ற சொல் வந்துவிட்டது. நாம் சங்கம் கட்டியதே அந்தக் கதவைத் திறக்கத்தான்.

இன்றைக்கும் ஏழை என்றால் சிறை பக்கத்தில்தான் இருக்கிறது. நம் நாட்டுச் சிறைகளில் இடமிருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆட்கள். பாதிக்கு மேல் விளக்கமறியல்காரர், அதாவது எந்த நீதிமன்றமும் குற்றவாளி என்று சொல்லாதவர்கள். 1997ஆம் ஆண்டுப் பிணைச் சட்டம் பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது. நல்ல சட்டம். ஆனால் பிணையாளர் இல்லாதவனுக்கு அந்த விதியால் என்ன பயன்? பயங்கரவாதத் தடைச்சட்டக் கைதிக்கோ அந்தப் பிணைச் சட்டமே பொருந்தாது. தண்டப்பணம் கட்ட முடியாமல் சிறைக்குப் போகிறவர்களும் ஏராளம். காசுள்ளவன் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறான், இல்லாதவன் உடம்பால் கட்டுகிறான்.

2023ல் இரண்டு சாவு நடந்தது. மே மாதம், பதுளையைச் சேர்ந்த 42 வயது ராஜகுமாரி, மூன்று பிள்ளைகளின் தாய், கொழும்பில் வீட்டு வேலை செய்தவர். நகை களவு என்று வெலிக்கடைப் பொலிஸ் பிடித்தது. பொலிஸ் காவலில் இருந்தபோது இறந்தார். நவம்பர் மாதம், யாழ்ப்பாணம் சித்தங்கேணியைச் சேர்ந்த இளைஞர் நாகராசா அலெக்ஸ். களவுச் சந்தேகம் என்று வட்டுக்கோட்டைப் பொலிஸ் பிடித்தது. தன்னை எப்படி வதைத்தார்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு இறந்தார். ஒருவர் மலையகத்துத் தாய், ஒருவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. இருவர்மேலும் களவுப் பழி. இருவரும் ஏழை. இதில் எது வடக்குப் பிரச்சினை, எது தோட்டப் பிரச்சினை என்று யாராவது பிரித்துக் காட்டட்டும்.

‘அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள்?’

இந்தக் கேள்வியை நான் ஒதுக்கிவிட மாட்டேன். அதில் வலி இருக்கிறது. 1948ல் நம் குடியுரிமை பறிபோனபோது வடக்கின் தலைவர்கள் எல்லோரும் நமக்காக நிற்கவில்லை. வன்னியில் குடியேறிய நம் மக்களைக் காணி இல்லாதவர்களாக, வேறு ஆட்களாகப் பார்த்த கண்களும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லைக் கேட்காத மலையகப் பிள்ளை குறைவு. அவர்கள் அதைத் திருத்தியே ஆக வேண்டும், நான் அங்கே மேடை கிடைத்தால் அங்கேயும் சொல்வேன்.

ஆனால் அதே குடியுரிமைக் கேள்வியில் தமிழ்க் காங்கிரஸை விட்டு வெளியேறி, 1949ல் செல்வநாயகம் தனிக்கட்சி கட்டியதும் நடந்ததுதான். சிறைக்குள் இருக்கிறவர்கள் 1948ல் வாக்களித்தவர்களும் இல்லை. பெரும்பாலும் கூலி வேலைக்காரர், மீனவர், கமக்காரரின் பிள்ளைகள். 2018 மார்ச்சில், கிளிநொச்சியைச் சேர்ந்த ஆயுள்தண்டனைக் கைதி ஒருவரை மனைவியின் செத்தவீட்டுக்கு மூன்று மணித்தியாலம் கூட்டிவந்தார்கள். திரும்பப் போகும்போது அவருடைய சின்ன மகள் அப்பாவோடு சிறை வாகனத்தில் ஏறிவிட்டாள். அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, அவளுக்கு வேறு எங்கே ஏறத் தெரியும்? அந்தப் பிள்ளையிடம் போய் உங்கள் தலைவர்கள் எங்களுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்க எந்தத் தோட்டத்துத் தாய்க்கு மனசு வரும்?

என்ன கேட்கிறோம்?

அரசாங்கத்திடம் கேட்பவை இவை:

ஒன்று. பயங்கரவாதத் தடைச்சட்டத்தை ஒழிக்க வேண்டும். 2015ல் வந்தவர்கள் வாக்குறுதி கொடுத்தார்கள், 2024ல் வந்தவர்களும் கொடுத்தார்கள். பெயரை மாற்றி இன்னொரு சட்டம் கொண்டுவந்தால் அது ஒழிப்பு ஆகாது. அதிலும் 16ஆம் பிரிவு போன்ற ஒன்று இருந்தால் அதே சட்டம்தான்.

இரண்டு. ஒப்புதல் வாக்குமூலத்தை மட்டுமே வைத்துத் தண்டனை பெற்றவர்களை விடுவிக்க வேண்டும். வழக்கு முடியாமல் கிடப்பவர்களுக்குப் பிணை கொடுக்க வேண்டும்.

மூன்று. கைதியை அவருடைய குடும்பத்துக்கு எட்டும் சிறையில் வைக்க வேண்டும், வழக்கு அவருக்கு விளங்கும் மொழியில் நடக்க வேண்டும். கைதிகளை நடத்துவது பற்றி 2015ல் ஐக்கிய நாடுகள் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள் சிறை வீட்டுக்கு அருகில் இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. வவுனியாவில் தமிழில் நடந்த வழக்கை அநுராதபுரத்துக்கு மாற்றாதே என்று கேட்டுத்தான் 2017ல் மூன்று கைதிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள், வடக்கே கடையடைத்தது.

நான்கு. லயத்து விலாசத்தைப் பிணைக்கு ஏற்ற வதிவிடமாக ஏற்க வேண்டும். காணி உறுதி கொடுக்காததும் அரசாங்கம், உறுதி இல்லை என்று உள்ளே வைப்பதும் அரசாங்கம் என்றால் எங்கே போவது?

அரசாங்கத்திடம் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. சங்கம் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. ஒவ்வொரு தோட்டத் தலைவரிடமும் ஒரு கொப்பி இருக்க வேண்டும். யாரைப் பிடித்தார்கள், எத்தனை மணிக்கு, எந்தப் பொலிஸ், யார் பார்த்தார்கள் என்று அன்றைக்கே எழுத வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு உடனே அழைக்க வேண்டும். பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் அந்த ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அறிவித்தார்களா என்று கேட்பது நம் வேலை. சட்டத்தரணிக்குக் காசில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம், எப்படிப் போவது என்று மாதர் சங்கக் கூட்டத்தில் சொல்லிக் கொடுக்கலாம். சந்தாவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால், சிறைக்குப் பார்க்கப் போகும் தாய்க்குப் பஸ் காசு தரலாம். வெளிமாவட்டங்களில் பிணை நிற்க ஆட்களைத் தேடி வைக்கலாம். நம் பிள்ளைகள் கொழும்பு, யாழ்ப்பாணம், நீர்கொழும்பு என்று எல்லா ஊரிலும் வேலை செய்கிறார்கள். ஒரு பெயர்ப் பட்டியல் தயாரிக்கக் கோடி ரூபாய் தேவையில்லை.

மூத்த தலைவருக்கு ஒரு வார்த்தை. அண்ணே, வேலைநிறுத்தத்தில் உங்கள் பேர் வெட்டுப்பட்டபோது உங்களுக்காகத் தோட்டமே வேலைக்கு இறங்கவில்லை. அவர்களில் பாதிப் பேர் வேறு டிவிஷன். ‘அது மேல் டிவிஷன் பிரச்சினை’ என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. அதை நினைத்துக்கொண்டு இந்தத் தீர்மானத்தை இன்னொரு தடவை வாசியுங்கள்.

அடுத்த மாவட்டக் கமிட்டியில் அதே தீர்மானத்தை மறுபடியும் கொண்டுவருவேன். அந்தப் பையனின் அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பேச மாட்டேன், கை மட்டும் தூக்குவேன் என்றார். யாழ்ப்பாணத்து அம்மாவுக்குக் கொடுத்துவிட ஒரு கிலோ தேயிலைத்தூளும் எடுத்துவைத்திருக்கிறார். அடுத்த தவணைக்குப் போகும்போது கொண்டுபோவோம். தீர்மானம் நிறைவேறியது என்ற செய்தியையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும், தோழர்களே.